ஒப்பீட்டுக் கரை

அல்போன்சம்மா மாமியின் அடுக்களையில் எனக்கென்று தனியாக ஒரு சட்டி இருந்தது. அதில் மீன் வைத்ததே கிடையாது. நான் நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. மாமி இதை யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, நான் இரண்டாவது முறை போனபோதே புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார். எனக்கான பயறும் மரச்சீனிக் கிழங்கும் அதில்தான் வேகும். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், அந்தக் குடும்பத்தின் மீது எனக்குப் பகையோ கோபமோ ஒருபோதும் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் விசாரிக்க வந்தது டிக்சனின் புகாரை. டிக்சன் மாமியின் மகன். தன் மனைவி லிஜி கடல் ஏறியதில் இறந்ததற்குத் தன் தகப்பன் ரபேல்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். கடல் ஏறும் என்று அன்று காலை போனுக்கு வந்த அரசு அறிவிப்பை ரபேல் மாமா கோயில் மைக்கில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் "மறந்து போச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று பார்க்க, அன்று அங்கே இருந்த வெளியாளான என்னிடம் வந்தீர்கள். காலையில் ரபேலைப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன் என்றேன். எழுதித் தாருங்கள் என்றீர்கள். இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் எங்கள் படிப்பைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலை உங்களுக்கு விளங்காது.

தனுவச்சபுரத்தைத் தாண்டி, ரப்பர் மரங்களை முறித்து எடுத்த மேட்டில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே நின்றால் கடல் தெரியாது. இயற்கை அறிவியலையும் பயன்பாட்டு அறிவியலையும் சேர்த்து முனைவர் பட்டம் தரும் திட்டம் அங்கே நடக்கிறது. அதில் சேரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வழிகாட்டிகள், இந்தப் பக்கத்தில் ஒருவர், அந்தப் பக்கத்தில் ஒருவர். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மாமியாருக்கு மருமகளாகப் போவது மாதிரி என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். ஒருவருக்கு உப்புப் போதாது, மற்றவருக்கு அதே குழம்பு கரிக்கும்.

எனக்கு வாய்த்தவர்கள் நமச்சிவாயம் சாரும் ஷிஜா மேடமும். சார் அலைகளின் இயற்பியல் படித்தவர். மேடம் பேரிடர்த் தடுப்புப் பொறியியல்.

"தாரா, கடலு ஆருக்கு வேண்டியும் ஏறுறதில்ல. ஏறுறத சரியா அளந்தா போதும்" என்பார் சார்.

"அளந்து வெச்சு எந்துக்கு? அதக்கொண்டு ஒரு உயிரு மிஞ்சிச்செண்ணு காட்டணும். இல்லெங்கி அது வெறும் கணக்கு" என்பார் மேடம்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் கழுவி விட்டது போல் இருக்கும், கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கரைக்குள் ஏறி வரும். அதனால்தான் நம் கரைக்காரர்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது எங்கோ தென்கோடிக் கடலில் அடித்த புயலின் அலை. புயல் அங்கேயே தீர்ந்துபோகும், அலை மட்டும் நாள்கணக்கில் நடந்து நம் கரைக்கு வந்து சேரும். அது கிளம்பியதைக் கண்டுபிடித்துவிட்டால் எப்போது வந்து சேரும் என்று சொல்லிவிடலாம். என் ஆய்வின் முதல் இரண்டு அத்தியாயங்கள் அந்தக் கணிப்பு. அது நன்றாக வந்தது. சாருக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது அத்தியாயம் மேடத்துக்காக. கணிப்பை மக்களிடம் சொன்னால் பயன் உண்டா என்று அதில் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு கரைகள் தேவை. ஆறு கடலில் சேரும் பொழிக்கு வடக்கே உள்ள கரைக்கு எங்கள் எச்சரிக்கை போகும். தெற்கே உள்ள கரைக்குப் போகாது. ஒரே கடல் இரண்டிலும் ஏறிய பிறகு சேதத்தை அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை போகாத இடத்தை நாங்கள் ஒப்பீட்டுக் கரை என்போம். புது மருந்தைச் சோதிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுப்பார்களே, அந்த மாதிரி.

இதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்று குழு ஏற்றுக்கொண்டது. ஒப்பீட்டுக் கரைக்கு அரசு அறிவிப்பு வழக்கம்போல் போய்ச் சேரும், எங்கள் ஆய்வு எதையும் தடுக்காது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். மனிதர்களைப் பற்றிய விஷயம், மேடம் பார்த்துக்கொள்வார் என்று சார் நினைத்தார். கடலைப் பற்றிய விஷயம், சாருக்குத் தெரியும் என்று மேடம் நினைத்தார். இருவருமே அந்தக் கரையில் வந்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்தவர்கள் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

எப்படி உட்கார்ந்தேன் என்றும் சொல்ல வேண்டும். அலையை அளக்கும் கருவியை வைக்க இடம் தேடிப் போனபோது, தன் வீட்டுக்குக் கீழே கடல் சுவரை ஒட்டி இடம் காட்டியவர் ரபேல் மாமா. முழங்கால் முட்டு தேய்ந்து தொழிலுக்குப் போகாமல் இருந்தவர். கோயில் மைக் அவர் பொறுப்பில் இருந்தது. சாவு, திருப்பலி நேரம், ஐஸ் வண்டி வந்த செய்தி எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குப் போகும். அந்த வீட்டில் முதலில் என்னை டீச்சர் என்றார்கள், பிறகு பிள்ளே என்றார்கள், அப்புறம் மக்கா என்றார்கள்.

லிஜிக்கு என் வயதுதான். வாய் ஓயாது.

"எட்டி தாரா, நீ டாக்டர் ஆயிட்டு ஊசி போட மாட்ட, மருந்து தர மாட்ட. பின்ன எந்து டாக்டராக்கும் நீ?" என்று கேட்டு அவளே சிரிப்பாள்.

கருவியின் பதிவுப் பெட்டிக்கு ஒரு சாவி அவளிடம் கொடுத்திருந்தேன். மழை வந்தால் மூடி வைப்பாள், பசங்கள் கல் எறிந்தால் விரட்டுவாள். தாராவுக்க பெட்டி என்று அதற்குப் பெயர். அவள் மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் அடி விழும்.

மூன்றாவது அத்தியாயம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் ஒரு தடவை, கடல் ஏறும் என்று அரசு அறிவிப்பு வந்தது. ரபேல் மாமா மைக்கில் சொன்னார். ஊரே வள்ளங்களை இழுத்துக் கரையேற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தது. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அன்று மற்ற ஊர்களில் நல்ல மீன் பட்டது. பெண்கள் மாமாவின் வாசலில் வந்து நின்று ஏசிவிட்டுப் போனார்கள். அது வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒரு பேச்சில் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் என்னிடம் கேட்பார். வரும் என்றால் மைக்கைப் போடுவார், வராது என்றால் போடமாட்டார். நான் சொன்னது ஒன்றும் தப்பவில்லை. "தாரா செல்லட்டும்", அதாவது தாரா சொல்லட்டும், என்று கரையில் எல்லோரும் சொல்லப் பழகினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மூன்றாவது அத்தியாயம் தொடங்கியபோது அந்தக் கரையைத்தான் ஒப்பீட்டுக் கரையாக எடுத்தேன். வேறு கரையை எடுத்திருக்கலாம். ஆனால் இங்கே எந்த வீட்டுச் சுவர் மண், எந்த வீட்டில் எத்தனை வலை, யார் எங்கே கருவாடு காயப் போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சேதம் என்று ஒன்று நடந்தால், முன்னால் என்ன இருந்தது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே கரை அதுதான். நல்ல ஆய்வாளர் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்.

இனிமேல் கணிப்பைச் சொல்லமாட்டேன் என்று அவர்களிடம் நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும். அப்புறம் ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. இதுவும் எங்கள் துறையில் சாதாரண விஷயம்.

பெரிய அலை வருவதற்காக ஒரு வருடம் காத்திருந்தேன். அந்தப் பருவத்தில் அலையும் வரவில்லை, அரசு அறிவிப்பும் வரவில்லை. உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது, இந்த முறையும் வராவிட்டால் மூன்றாவது அத்தியாயம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்று மேடம் சொன்னார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். பிறகு ஈஸ்டர் கழிந்த சமயத்தில் தெற்கே ஒரு புயல் உருவானது. என் கணிப்பு வரைபடத்தில் அது நம் கரையை நோக்கித் திரும்புவதைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேனா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

முதல்நாள் மாலையே வடக்குக் கரைக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டேன். அங்கே வள்ளங்களையெல்லாம் சாலை வரை இழுத்துப் போட்டார்கள், கிழவர்களையும் குழந்தைகளையும் பாரிஷ் ஹாலுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு வலைகூடப் போகவில்லை.

மறுநாள் காலை நான் தெற்கே போய், கோயில் பள்ளிக்கூடத்து மாடியில் காமிராவைப் பொருத்தினேன். பள்ளிக்கு விடுமுறை. அங்கிருந்து கரை முழுவதும் தெரியும். ரபேல் மாமா மாடிக்கு ஏறி வந்தது அப்போதுதான். வரிசைப்படி எழுதினால் அது இங்கே வர வேண்டும். முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு எளிது.

உச்சி வெயிலில் கடல் ஏறியது. நான் கணித்த நேரம்தான். பெரிய அலையாக எழுந்து வரவில்லை. பானையில் தண்ணீர் நிறைவது போல மட்டம் மெல்ல உயர்ந்து, சுவருக்கு அப்பால் இருந்த மணல் காணாமல் போனது. லிஜியும் வேறு சில பெண்களும் சுவருக்குக் கீழே நெத்தோலி காயப் போட்டிருந்தார்கள். கூக்குரல் எழுந்தது. பெண்கள் கிடைத்ததை வாரிக்கொண்டு மேலே ஓடினார்கள். லிஜியும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். இதை நான் தெளிவாகப் பார்த்தேன். அவள் தப்பித்துவிட்டாள்.

மகளை அல்போன்சம்மா மாமியின் கையில் கொடுத்துவிட்டு அவள் திரும்ப இறங்கினாள். எதற்கு என்று எனக்கு உடனே விளங்கியது. பெட்டிக்காக. முழங்கால் தண்ணீரில் நின்று பூட்டைத் திறந்து, பதிவுப் பெட்டியைக் கழற்றி, சுவருக்கு மேலே எறிந்தாள். டிக்சனின் கூட்டாளி ஒருவன் அதைப் பிடித்தான். அடுத்த ஏற்றத்தில், கட்டாமல் கிடந்த வள்ளம் ஒன்று மிதந்து வந்து அவளைச் சுவரோடு சேர்த்து அடித்தது.

மாடியிலிருந்து நான் கூப்பிட்டேனா என்று டிக்சனும் ஒருநாள் கேட்டான். இல்லை. காமிரா ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

பெட்டிக்குள் பதிவு கெடாமல் இருந்தது. கள்ளக்கடல் கரையேறும் நேரத்தில் கரையிலேயே எடுக்கப்பட்ட முழுமையான பதிவு அது. சார் அதைத் திரையில் பார்த்துவிட்டு, "இது மாதிரி ஒண்ணு கிடைக்கிறது அபூர்வமாக்கும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்தப் பெண்ணுக்குக் குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். மேடம் இரண்டு கரைகளின் சேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெற்கே அரசு மெசேஜ் போய்ச் சேந்துதா?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்தது என்றேன். அது உண்மை. அவர்களுக்கு அது போதும். அந்த இரண்டு பேரையும் நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அடக்கத்துக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் பல் பிடுங்க மரக்க வைத்த கன்னம் மாதிரி, என்னுடையதுதான் என்று தொட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் பெயர் லிஜி டிக்சனுடையது. வழிகாட்டிகளுக்கும் முன்னால் போட்டேன். 

டிக்சன் தகப்பனிடம் பேசுவதை நிறுத்தியதும், கோயில்காரர்கள் மாமாவிடமிருந்து மைக் சாவியை வாங்கிக்கொண்டதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்க்கப் போனேன். மாமி உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. பேத்தி மாமாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஒண்ணும் செல்லாண்டாம் மக்கா. கடலாக்கும். ஆருக்குத் தெரியும்? இத்தன நாளு நீ சென்னது ஒண்ணும் தப்பினதில்ல. ஒரு நாளு தப்பிப் போச்சு. மனுஷருக்கு உள்ளதுதானே."

"டிக்சன் புகார் கொடுக்கப் போறான் மாமா."

"குடுக்கட்டு. பெண்ணு போன வெசனம் அவனுக்கு. நான் மறந்தேண்ணு செல்லியாச்சு, இனி அத மாத்த மாட்டேன். ஒனக்குப் பட்டம் வரப்போற சமயம். ஒனக்க பேரு இதில வரண்டாம். நான் கிழவன், எனக்க பேரு போனா போட்டு. நீ சோறு தின்னியா?"

அவர் என் பிழையை மன்னித்தார். என் கணிப்பு அன்று தவறிவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை நான் திருத்தவில்லை. மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு பாறசாலை பஸ்ஸில் ஏறினேன். பிறகு அங்கே போகவில்லை.

போன வாரம் என் வாய்மொழித் தேர்வு முடிந்தது. தேர்வாளர்கள் மூன்றாவது அத்தியாயத்தைப் பாராட்டினார்கள். அதைக் கொண்டு நம் கரை முழுவதும் எச்சரிக்கைச் சங்கு வைக்கப் பேச்சு நடக்கிறது. தேர்வுக்கு முன்பே நீங்கள் வந்து கேட்டிருந்தால் நானும் மாமா மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது. இப்போது கேட்டதால் இப்போது சொல்கிறேன்.

அன்று காலை ரபேல் மாமா மாடிப்படியில் பாதியில் நின்று, முழங்காலைத் தடவிவிட்டு, பிறகு ஏறி வந்தார். கையில் போன் இருந்தது.

"மக்கா, ஒரு மெசேஜ் வந்து கிடக்கு. கடலு ஏறுமெண்ணாக்கும் எழுதியிருக்கு. மைக்கில செல்லட்டா?"

நான் காமிராவைப் பார்த்துக்கொண்டு, "எல்லா ஜில்லாவுக்கும் ஒண்ணுபோல அனுப்புறது மாமா அது" என்றேன்.

"அது செரி. முன்ன ஒரு தடவ இத நம்பிச் செல்லியிட்டு பெண்ணுங்கக்கிட்ட நான் வாங்கின ஏச்சு கொஞ்சமா? நீ ஒரு வாக்கு செல்லு. நீ செல்லுற மாதிரிச் செய்யாம்."

ஆய்வு விதிப்படி நான் சொல்ல வேண்டிய பதில், என்னால் எதுவும் சொல்ல முடியாது என்பதுதான். அதைச் சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். இத்தனை நாள் சொன்னவள் இன்று மட்டும் ஏன் மழுப்புகிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார், யோசித்தபடியே இறங்கிப் போய் மைக்கைப் போட்டிருப்பார். வள்ளங்களைக் கட்டியிருப்பார்கள், நெத்தோலியை அள்ளியிருப்பார்கள், பெட்டியை லிஜி காலையிலேயே கழற்றி வீட்டுக்குள் வைத்திருப்பாள். இரண்டு கரையும் ஒன்றுபோல ஆகியிருக்கும். எனக்கு இன்னொரு வருடம் கிடையாது.

"இன்னைக்கு ஒண்ணும் வராது மாமா. மைக்கில செல்லாண்டாம்" என்றேன்.

"அப்ப செரி. காப்பி குடிச்சியா நீ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் லிஜியிடம் காப்பி கொடுத்து அனுப்பினார். அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் நல்லா இருக்கு, இன்னைக்கு நெத்தோலி காஞ்சிரும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஆகவே ரபேல் மாமா மறக்கவில்லை. அவருடைய வாக்குமூலத்தில் அந்தப் பகுதி பொய். அதை அடித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் ஏறும் என்று எனக்குத் தெரியும், எந்த நேரத்தில் என்றும் தெரியும். ஊருக்குச் சொல்லக் கேட்டு வந்தவரைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்.

டிக்சனிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று மைக்கில் சொல்லியிருந்தால் லிஜி இன்று இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு கரை இருந்ததால்தானே, சொன்னால் உயிர் தப்பும் என்பதை இப்போது நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.